லேசர் தண்டுக்குக் காட்டிய கற்பூரம்

என்னுடைய 1977ஆம் ஆண்டு நாட்குறிப்பில், அக்டோபர் மாதம், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய நாளில் நான்கே வரிகள் இருக்கின்றன: "பெரிய தண்டின் முகப்பில் பாலில் ஏடு படிந்தாற்போல் ஒரு படலம். என்னவென்று தெரியவில்லை. யாரும் வாய் திறக்கவில்லை. நாளை கமிட்டி."

தேதிகளைக் குறித்து வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. ஆனால் நடந்ததில் முக்கியமான பகுதியை நான் எழுதி வைக்கவில்லை. அதைத்தான் லேசர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இப்போது சொல்லப் போகிறேன்.

2022 டிசம்பரில், வெளிநாட்டுக் கூடம் ஒன்றில், உள்ளே செலுத்திய லேசர் ஆற்றலைவிட அணுக்கரு இணைவிலிருந்து வெளிவந்த ஆற்றல் அதிகமாக இருந்தது என்ற செய்தி வந்தபோது உங்களில் இரண்டு மூன்று பேர் எனக்குத் தொலைபேசியில் பேசினீர்கள். "சார், உங்க காலத்துல இதெல்லாம் நடக்கும்னு நினைச்சீங்களா?" என்று ஒருவர் கேட்டார். நினைத்தோம். இன்னும் சொன்னால், இவ்வளவு தாமதமாகும் என்றுதான் நினைக்கவில்லை. கனமான ஹைட்ரஜன் அடைத்த ஒரு துளி உருண்டையை எல்லாப் பக்கத்திலிருந்தும் லேசர் ஒளியால் நெருக்கிப் பிழிந்தால் அதற்குள் ஒரு குட்டிச் சூரியன் பற்றிக்கொள்ளும் என்ற யோசனை 1972 வாக்கில் வெளிப்படையாக அச்சில் வந்தது. அதைப் படித்தவர்களெல்லாம் பத்து வருஷத்தில் மின்சாரம் வந்துவிடும் என்று பேசிக்கொண்ட காலம் அது.

எங்களிடம் எல்லாப் பக்கமும் கிடையாது. ஒரு பக்கம்தான். மாமல்லபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை ஒட்டி, தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை. அதற்குள் ஒரே ஒரு லேசர் கற்றை. அதை ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் மேல் குவித்து, ஊசிமுனை அளவு இடத்தைக் கண நேரம் நட்சத்திரச் சூட்டுக்குக் கொண்டுபோய், அந்தச் சூட்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. இணைவு நடத்தினோம் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. இணைவுக்குப் போகிற சாலையில் ஒரு மைல்கல்லை நட்டுப் பார்த்தோம், அவ்வளவுதான்.

அந்த லேசருக்கு உயிர் ஒரு கண்ணாடித் தண்டு. முழங்கை நீளம், கைக்கு அடங்காத தடிமன். உள்ளே நியோடிமியம் என்ற உலோகம் கலந்திருக்கும். வெயிலில் பிடித்தால் கத்தரிப்பூ நிறம். டியூப் லைட் வெளிச்சத்தில் வெளிர் நீலம். சுற்றிலும் பிளாஷ் விளக்குகள் பளிச்சென்று எரிய, அந்த ஒளியைக் குடித்து, கடந்து போகும் லேசர் கற்றையைப் பல மடங்காக்கி அனுப்பும். சின்னத் தண்டுகள் எங்களிடம் சில இருந்தன. பெரிய தண்டு ஒன்றே ஒன்று. அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க அனுமதி வாங்கி, சுங்கத்தில் காத்திருந்து, மரப்பெட்டியோடு லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது நாங்கள் கைதட்டினோம். அது போனால் இன்னொன்று கிடைக்கும் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை.

தண்டின் இரண்டு முகப்புகளும் மெருகேற்றப்பட்டவை. அங்கே ஒரு தூசு இருந்தாலும் கற்றை வரும்போது அந்தத் தூசு எரியும். எரிந்த இடத்தில் கண்ணாடி நட்சத்திரம் போல் தெறிக்கும். அடுத்த முறை சுடும்போது அந்தத் தெறிப்பு வளரும். இது உங்களுக்கும் தெரிந்ததே. இன்றைக்கு உங்கள் கண்ணாடிகளைக் கேமராவும் கணினியும் பார்த்துக்கொள்கின்றன. அன்றைக்கு அந்த வேலையைப் பார்த்தவர் ஆரோக்கியம். செங்கல்பட்டுக்காரர், டிப்ளமோ படித்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் பிறர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அவர் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் அவர்தான். கண்ணாடிகளின் பொறுப்பு முழுக்க அவருடையது. நான் மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்களையும் மின்சாரத்தையும் பார்த்துக்கொண்டேன்.

குழுவுக்குத் தலைவர் ஒரு பெண். பெயர் சொல்ல மாட்டேன். சொல்வதை அவர் விரும்பியிருக்க மாட்டார். நாங்கள் மேடம் என்போம். நாற்பதைத் தாண்டியவர், இயற்பியலில் முனைவர். செங்கல்பட்டிலிருந்து எங்களோடு ஊழியர் பஸ்ஸில்தான் வருவார். ஜன்னலோர இடத்தில் ஏதாவது படித்துக்கொண்டே வந்து, இறங்கும்போது மட்டும் பேசுவார்.

இன்னொருவர் கபாலி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்காரர். ஏ.சி. இயந்திரங்களையும் வாக்குவம் பம்புகளையும் பார்த்துக்கொண்டார். தினக்கூலி. கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து இருந்தவர், இன்னும் தினக்கூலி. அவரை நிரந்தரமாக்கும் ஆணை அந்த மாதம்தான் நிர்வாக அதிகாரியின் மேஜைக்கு வந்திருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "ஆர்டர் வந்துச்சின்னா மொதல்ல கூரைய மாத்திடுவேன் சார், ஓல போட்டுப் போட்டு பேஜாரா பூட்ச்சி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்காலம் தொடங்கும் நேரம் அது.

விடுமுறைக்கு முந்தின மாலை கொட்டகையில் ஆயுத பூஜை நடந்தது. ஆண்டுதோறும் நடப்பதுதான். கட்டுப்பாட்டு அறையில் மேஜையைச் சுத்தம் செய்து, ஸ்பேனர், மீட்டர், திருப்புளி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை, தேங்காய், வாழைப்பழம். ஆரோக்கியம்தான் மாலை வாங்கி வருவார். அவர் வாங்கினால் பூ வாடாது என்று ஒரு நம்பிக்கை. மேடம் விபூதி இட்டுக்கொண்டு, தட்டில் காணிக்கை போட்டுவிட்டு, பொரிப் பொட்டலத்தோடு பஸ்ஸுக்குப் போய்விட்டார். நாங்களும் போனோம். லேசர் அறைக்குள் பூஜை நடத்துவது வழக்கமில்லை.

விடுமுறை முடிந்து காலையில் லேசர் அறையைத் திறந்ததும் ஆரோக்கியம் டார்ச் விளக்கோடு உள்ளே போனார். போனவர் உடனே வெளியே வந்து, கதவருகில் சுவரில் சாய்ந்து நின்றார்.

"சார், மேடத்தக் கூப்பிடுங்க."

"என்ன ஆச்சு?"

"கூப்பிடுங்க சார் மொதல்ல."

பெரிய தண்டின் வெளி முகப்பில், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், வட்ட வட்டமாகத் தேய்த்தாற்போல் ஒரு வெள்ளைப் படலம். கற்றையை நேர்ப்படுத்தும் வேலைக்காக விடுமுறைக்கு முன் ஆரோக்கியம் உலோக மூடியைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டி நூலால் கட்டியிருந்தார். உறை இருந்தது. ஆனால் முடிச்சு அவர் போட்ட முடிச்சு இல்லை. தண்டின் உலோகக் கூட்டின் மேல் விபூதிக் கீற்று, அதன் மேல் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, நடுவே குங்குமம்.

மறுநாள் காலை வடக்கேயிருந்து ஒரு கமிட்டி வரவிருந்தது. இப்படிப்பட்ட சின்னக் குழுக்களைத் தொடர்ந்து நடத்துவதா, பெரிய நிலையம் ஒன்றோடு சேர்த்துவிடுவதா என்று முடிவு செய்வதற்காக. அவர்கள் முன்னால் முழுச் சக்தியில் ஒரு முறை சுட்டுக் காட்ட வேண்டும்.

செய்தி எப்படியோ நிர்வாக அதிகாரிக்குப் போய்விட்டது. வந்தவர் முதலில் கேட்டது, "யார் செஞ்சது?" என்பதுதான். அவர் கெட்டவர் அல்ல. தண்டு வாங்கிய கோப்பில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. தணிக்கையில் கேட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் நடைவழியில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். கபாலியும் பார்த்தார்.

"யாருக்கும் தெரியாதா? பொட்டு தானா வந்து உக்காந்துச்சா? சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பேர் வரணும். கமிட்டி வர்ற நேரத்துல இது சும்மா விடற விஷயம் இல்ல. தினக்கூலி ஆளுங்கள உள்ள விட்டா இப்படித்தான்."

இதற்குள் ஆரோக்கியம் அசிட்டோன் புட்டியையும் கண்ணாடி துடைக்கும் தாளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சீக்கிரம் துடைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது.

"ஆரோக்கியம், அதக் கீழ வைங்க," என்றார் மேடம்.

"நேரமில்ல மேடம்."

"என்ன படிஞ்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கற்பூரப் புகையாத்தான் இருக்கும்."

"புகையா இருந்தா அசிட்டோன் சரி. விபூதியா இருந்தா? சாம்பல் தூள வச்சு முகப்பத் தேச்ச மாதிரி ஆகும். கீறல் விழுந்தா தண்டு போச்சு. தேங்காத்தண்ணி தெறிச்சிருந்தா அது வேற. நமக்குத் தெரியாம தொட வேணாம்."

பிறகு நிர்வாக அதிகாரியிடம் திரும்பி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "சார், நீங்க யாருன்னு கேக்கறீங்க. எனக்கு என்னன்னு தெரியணும். ரெண்டையும் ஒரே நேரத்துல கேட்டா ரெண்டும் கிடைக்காது. மத்தியானம் வரைக்கும் என்கிட்ட விடுங்க. அப்புறம் நீங்க கேக்கறதுக்கு நான் பதில் சொல்றேன்."

"பேர் வரும்ல?"

"பதில் வரும் சார்."

அவர் போனபின் மேடம் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. தண்டு வந்த மரப்பெட்டி நடைவழியின் கோடியில் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையிலிருந்த பூஜைத் தட்டையும் எடுத்து வரச் சொன்னார்.

"அன்னிக்கு நடந்த பூஜைய இன்னொரு தடவ நடத்தலாம். இந்தப் பெட்டிதான் லேசர். யார் யார் எங்க நின்னீங்களோ அங்க நில்லுங்க. என்ன என்ன செஞ்சீங்களோ அதையே செய்யுங்க. கற்பூரம் மட்டும் ஏத்த வேணாம்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. யாரோ சிரித்தார். "பொரி உண்டா மேடம்?" என்று பம்ப் அறையிலிருந்து ஒரு குரல். "பொரியும் வாங்கித் தரேன், நில்லுங்க," என்றார் அவர்.

நின்றோம். அன்றைக்கு யார் தேங்காய் உடைத்தாரோ அவர் உடைப்பது போல் கையை ஓங்கினார். நான் என் இடத்தில் நின்றேன். மேடம் தன் இடத்தில் நின்று, வெறும் விரலால் நெற்றியில் விபூதி இட்டுக்கொண்டார். பெரியவர்கள் எல்லோரும் இப்படி விளையாட்டுக் கல்யாணம் போல் ஒரு பூஜை நடத்தியது கூச்சமாக இருந்தாலும், கொஞ்ச நேரத்தில் இறுக்கம் தளர்ந்துவிட்டது. "டேய், நீ அங்க நிக்கல, வாழப்பழத்துக்குப் பக்கத்துல நின்ன," என்று ஆரோக்கியமே ஒருவரை நகர்த்தினார்.

பிறகு சிக்கல் வந்தது. "இந்த நேரத்துக்கு நான் பஸ்ஸுக்குப் போயிட்டேன் மேடம்," என்றார் ஒருவர். "நானும்தான்," என்றார் இன்னொருவர். ஒவ்வொருவராக விலகித் தூண் பக்கம் போய் நிற்கத் தொடங்கினார்கள். நானும் நகர்ந்தேன். இன்னும் சற்று நேரம் போனால் பெட்டிக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் மிச்சமிருப்பார் என்பது எனக்குத் தெரிந்தது. கபாலி கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

மேடமும் அதைக் கவனித்துவிட்டார்.

"யாரும் பஸ்ஸுக்குப் போக வேணாம்," என்றார். "அன்னிக்குப் போனது போனது. இன்னிக்கு எல்லாரும் தட்டுக்குப் பின்னாலயே வாங்க. நானும் வரேன்."

தூண் பக்கம் போனவர்கள் திரும்பி வந்தார்கள். தட்டு முன்னால் போக, அவ்வளவு பேரும் ஒரு சாமி ஊர்வலம் போலப் பின்னால் போனோம். கபாலி பெட்டியைச் சுற்றவில்லை. நேராக லேசர் அறைக் கதவு வரை நடந்தார். அங்கே செருப்பைக் கழற்றினார். உள்ளே போய்ப் பெரிய தண்டின் முன்னால் நின்று, தட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையைப் பிளாஸ்டிக் உறையை நோக்கி நீட்டினார். அப்படியே நின்றுவிட்டார்.



"சொல்லு கபாலி," என்றார் மேடம். குரலில் கடுமை இல்லை. "அடுத்தது என்ன?"

"மேடம், வேல பூடும் மேடம்."

"அடுத்தது என்ன செஞ்சேன்னு சொல்லு. உள்ள நிக்கறவங்க எல்லாரும் பூஜ செஞ்சவங்கதான்."

கபாலி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எல்லா மிசினுக்கும் கற்பூரம் காட்னேன். பம்புக்குக் காட்னேன், ஏ.சி.க்குக் காட்னேன். இதுதான் எல்லாத்துக்கும் பெர்சு. இத வுட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? வந்தேன். வந்து பாத்தா மூஞ்ச மூடிகினு கீது. சாமி மூஞ்ச மூடி வெச்சிகினு யாராச்சும் தீபாராதன காட்டுவாங்களா மேடம்? அதான் கவர எட்த்தேன். கற்பூரத்த மூணு சுத்து சுத்தனேன். பொக போயி கண்ணாடி மேல பட்டு மங்கலா பூட்ச்சி. பயந்துட்டேன்."

"அடப்பாவி," என்றார் ஆரோக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதுக்கப்புறம் இன்னாடா பண்ணே?"

"தொட்ச்சேன் மச்சான்."

"எதால?"

"துண்டாலதான். புதுத் துண்டு. பண்டிகைக்கு எட்த்தது. தொவைக்கக்கூட இல்ல, அவ்ளோ சுத்தமா கீது."

ஆரோக்கியம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் மேடத்தின் முகத்தில் ஏதோ தெளிந்தது. "துவைக்காத புதுத் துண்டு," என்று மெதுவாகச் சொன்னார். "அப்போ கஞ்சி."

அந்தத் துண்டு பம்ப் அறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வந்தோம். விறைப்பாக, அட்டை போல் நின்றது. ஒரு மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. முதலுதவிப் பெட்டியில் புண்ணுக்குப் போடும் அயோடின் டிஞ்சர் இருந்தது. அதில் ஒரு சொட்டைத் துண்டின் ஓரத்தில் விட்டார் மேடம். துணி மைபோல் கறுநீலமாக மாறியது. கஞ்சிக்கு அயோடின் அப்படி நிறம் காட்டும் என்பதை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பிறகு பஞ்சைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, தண்டு முகப்பின் விளிம்பில் மட்டும், அழுத்தாமல் ஒற்றி எடுத்து, அதன் மேல் ஒரு சொட்டு விட்டார். அந்தப் பஞ்சும் நீலமானது.

"அசிட்டோன் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று நான் கேட்டேன்.

"கஞ்சி கரைஞ்சிருக்காது. காஞ்சு இன்னும் இறுகியிருக்கும். ஆரோக்கியம் இன்னும் அழுத்தித் தேச்சிருப்பார்," என்றார். "வெதுவெதுப்பான தண்ணி வேணும் இப்போ. கபாலி, விபூதி எங்க வச்சே?"

"மேல கூட்டுல மட்டும்தான் மேடம். கண்ணாடில வைக்கல. சத்தியமா."

"துண்டுல விபூதி பட்டிருந்ததா?"

கபாலி யோசித்தார். பொய் சொல்வது அவருக்கு அந்த நிமிடம் எளிதாக இருந்திருக்கும். "தெர்ல மேடம். கையில இருந்துச்சி. துண்டுல பட்டிச்சா இன்னான்னு தெர்ல."

அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்கிறேன். காலையில் பெயர் கேட்டபோது தரையைப் பார்த்த மனிதர், மத்தியானத்துக்குள் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தார். ஒரு கூடத்தில் வேலை பார்க்கும் மனிதரிடமிருந்து அதைவிட மதிப்பான தகவல் எதுவும் கிடைக்காது. நீங்கள் பொறுப்புக்கு வந்த பிறகு, ஏதாவது உடைந்த காலையில், உங்கள் வாயில் முதலில் வருவது "யார்" என்பதாகத்தான் இருக்கும். அதைக் கொஞ்சம் அடக்கிப் பாருங்கள்.

மத்தியானம் முழுக்க ஆரோக்கியம் அந்த முகப்பைக் கழுவினார். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, தேய்க்காமல், உருட்டி எடுத்து, எறிந்து, புதுப் பஞ்சு. கபாலி பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாசல்ல சாணி தெளிக்கற மாதிரி சிந்தாத மச்சான், ஒயுங்கா புடி," என்று ஆரோக்கியம் திட்டினார். திட்டினாலும், தான் குடிக்க வந்த டீயில் பாதியைக் கபாலிக்கு ஊற்றிக் கொடுத்தார். படலம் போய்விட்டது. துண்டிலிருந்து ஒட்டியிருந்த மஞ்சள் கறையும் போய்விட்டது. ஆனால் முகப்பு காய்ந்த பின் டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தபோது, விளிம்புக்கு அருகே முடி போல ஒரு கீறல் தெரிந்தது. ஒரே ஒரு கீறல், ஆனால் கற்றை கடந்து போகும் வட்டத்துக்குள்.

ஆரோக்கியம் உடனே சொன்னார்: "இது முன்னாடியே இருந்துச்சு மேடம். தண்டு வந்தப்பவே பாத்தேன்."

மேடம் அவரைப் பார்த்தார். "நெஜமா?"

"பாத்த மாதிரிதான் ஞாபகம்."

தண்டு வந்திறங்கிய வாரத்தில் இரண்டு முகப்புகளையும் பூதக்கண்ணாடி வழியாகப் படம் எடுத்திருந்தோம். படங்கள் வடக்கே தலைமையகத்துக்குப் போயிருந்தன. பிரதி இங்கே இல்லை. டிரங்க் கால் போட்டுக் கேட்டு, தேடி, பதில் வருவதற்கு ஒரு வாரமாவது ஆகும். கமிட்டி மறுநாள் காலை.

அன்று மாலை நிர்வாக அதிகாரி வந்தார். மேடம் ஒரு தாளைக் கொடுத்தார். கூடத்தின் வழக்கப்படி பூஜை நடந்தது, தொடர்ச்சியாக லேசர் அறைக்குள் கற்பூரம் காட்டப்பட்டது, படிந்த புகையைத் துடைக்கப் புதுத் துணி பயன்பட்டது, கழுவிச் சரி செய்யப்பட்டது, ஒரு கீறல் காணப்படுகிறது என்று எல்லாம் உள்ளபடி எழுதியிருந்தார். பெயர் மட்டும் இல்லை.

"பேர் எங்க மேடம்?"

"பூஜைக்கு அனுமதி கொடுத்தது நான். லேசர் அறை சாவிய பூஜ அன்னிக்கு வாங்கி வைக்காதது நான். முதல் பேர் வேணும்னா என்னோடதப் போட்டுக்குங்க."

"இது பேச்சுக்கு நல்லா இருக்கும். கமிட்டி கேட்டா?"

"கமிட்டிக்கும் நானே சொல்றேன்."

அவர் போன பின் கபாலி அறை வாசலில் வந்து நின்றார். "மேடம், நானே போயி அவராண்ட சொல்லிட்றேன். உங்களுக்குக் கெட்ட பேரு எதுக்கு."

"என்கிட்ட சொன்னே இல்ல? கண்ணாடியக் காப்பாத்த எனக்கு அது போதும். போய்ப் பம்ப்ப பாரு. நாளைக்கு அது நின்னா உன்னைச் சும்மா விட மாட்டேன்."

மறுநாள் கமிட்டி வந்தது. மூத்த உறுப்பினர், நரைத்த மனிதர், இரவு ரயிலில் வந்த களைப்போடு இருந்தார். மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார்: பெரிய தண்டில் ஒரு கீறல் இருக்கிறது, ஆகவே முழுச் சக்தியில் சுடப் போவதில்லை, கால் பங்கில் சுடுவோம்.

"முழுச் சக்தியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கத்தானே வந்திருக்கிறோம்," என்றார் மூத்தவர் ஆங்கிலத்தில். "ஒரே ஒரு முறை. கீறல் விளிம்பில்தானே இருக்கிறது? ஒன்றும் ஆகாமலும் போகலாம்."

"ஆகாமலும் போகலாம்," என்றார் மேடம். "ஆனால் ஏதாவது ஆகிவிட்டால், அதற்குப் பிறகு உங்களுக்குக் காட்ட எங்களிடம் லேசரே இருக்காது. நான் சுட மாட்டேன்."

கெப்பாசிட்டர் மின்னேற்றும் பொத்தான் என் விரலுக்குக் கீழே இருந்தது. அவர் என்னைப் பார்த்து, "கால் பங்கு," என்றார். ஏற்றினேன். சைரன் ஒலித்தது. 'டப்' என்று ஒரு சத்தம். பார்வை ஜன்னலில், தகட்டின் மேல், ஒரு வெள்ளைப் பொறி தோன்றி மறைந்தது. அவ்வளவுதான். கமிட்டி எதிர்பார்த்ததில் நான்கில் ஒன்று.

பிறகு நடந்த கூட்டத்தில்தான் நிர்வாக அதிகாரி அதை எடுத்தார். தினக்கூலி ஊழியர் ஒருவரின் அலட்சியத்தால் விலை உயர்ந்த பொருள் பாழானது என்றும், அப்படிப்பட்டவர்களை நிரந்தரமாக்கும் முன் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னார். காபி பிளாஸ்கோடு கபாலியே கதவருகில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'டெய்லி வேஜஸ்' என்ற சொல் தெரியும்.

மூத்த உறுப்பினர் மேடத்தைப் பார்த்தார். "இந்தக் கீறல் அன்றைக்கு வந்ததா?"

"தெரியாது."

"சந்தேகம்?"

"இருக்கிறது. துணியில் சாம்பல் பட்டிருக்கலாம். முன்பே இருந்தது என்று எங்கள் கண்ணாடிப் பொறுப்பாளர் நினைக்கிறார். வந்தபோது எடுத்த படத்தைப் பார்த்தால் தெரியும். படம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன். படலத்தை எப்படி எடுப்பது என்பது அந்த மனிதர் உள்ளதைச் சொன்னதால்தான் தெரிந்தது. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்."

மூத்தவர் நிர்வாக அதிகாரியின் பக்கம் திரும்பினார். "அப்படியானால் உறுதியாகாத ஒன்றுக்காக ஒருவருடைய ஆணையை நிறுத்துவது முறையல்ல. படம் கிடைத்த பின் பார்த்துக்கொள்ளலாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

எங்கள் குழுவுக்கு அவர்கள் ஒரு ஆண்டு மட்டும் நீட்டிப்புக் கொடுத்தார்கள். கால் பங்குச் சக்திக்குக் கால் பங்கு நம்பிக்கை என்று ஆரோக்கியம் சொன்னார். அதன்பின் வேறு நிலையத்தோடு சேர்க்கப்பட்டோம். முழுச் சக்தியில் சுட்டுக் காட்டியிருந்தால் ஐந்து ஆண்டு கிடைத்திருக்குமோ என்று பஸ்ஸில் பேசிக்கொண்டவர்கள் உண்டு. மேடம் அந்தப் பேச்சில் சேர்ந்ததில்லை. பெரிய தண்டை அரைச் சக்திக்கு மேல் ஏற்றாமல் பயன்படுத்தினோம். எங்கள் குழு எழுதிய கட்டுரைகள் எல்லாம் அந்த அரைச் சக்தியில் கிடைத்த அளவுகளை வைத்து எழுதியவைதான்.

கபாலிக்குக் கார்த்திகை மாதத்தில் ஆணை வந்தது. அதற்குள் மழை முக்கால்வாசி பெய்து முடிந்திருந்தது. "இந்த வருசம் ஒழுகனது ஒழுகிட்ச்சி, அடுத்த வருசத்துக்கு ஓடு," என்றார். லேசர் அறைக்குள் பூஜை கூடாது என்று சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. அடுத்த ஆண்டு மேடமே தண்டின் உலோக மூடியை இறுகப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கபாலியைக் கூப்பிட்டு அறைக்கு வெளியே கதவுக்குப் பொட்டு வைக்கச் சொன்னார்.

படம் கிடைத்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்றார்களே, அந்தப் படம் வரவில்லை. யாரும் கேட்டு எழுதியதாகவும் தெரியவில்லை. கபாலி ஓய்வு பெறும் வரை வேலையில் இருந்தார். நான் ஓய்வு பெற்ற பின், ஆண்டுகளைச் சரிபார்க்கும் என் வழக்கப்படி, தலைமையகத்துக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பழைய படங்கள் இடம் மாற்றியபோது எங்கே போயின என்று தெரியவில்லை என முதல் கடிதத்துக்குப் பதில் வந்தது. இரண்டாவதற்குப் பதில் இல்லை. தண்டு வந்தபோதே கீறலைப் பார்த்ததாக ஆரோக்கியம் இன்றும் சொல்கிறார். அவர் கபாலியின் நண்பர் என்பதையும் நான் இங்கே குறிக்க வேண்டும். மெதுவாகத்தான் துடைத்தேன் என்கிறார் கபாலி. துண்டில் விபூதி இருந்ததா என்றால் இப்போதும் தெரியாது என்கிறார்.

ஆகவே, பெரிய தண்டின் முகப்பில் இருந்த அந்தக் கீறல் 1977 அக்டோபரில் விழுந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்பது இதை எழுதும் இன்று வரை உறுதி செய்யப்படவில்லை.